வெட்டிய இடம் கேட்கக் கூடாது: பேச்சுப் பதிவுகளை நுணுக்கமாகத் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்காணல், ஒலிநூல், சொற்பொழிவு, வீட்டுப் பெரியவர்களின் நினைவுப் பேச்சு என்று மனிதக் குரலைப் பதிவுசெய்து ஆடாசிட்டியில் திருத்துகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கிய வேலை, 2000-இல் பொதுமக்களுக்கு வந்தது. இங்கே சொல்லும் விசைகள் அதன் மூன்றாம் பதிப்பு வரிசைக்கும் விண்டோஸ் கணினிக்கும் உரியவை. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு விசைகள் மாறும், காதுக்கான வேலை மாறாது.

வெட்டி ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஏன்?

கணினி ஒலியைப் புள்ளிகளாகச் சேமிக்கிறது. வழக்கமான பதிவில் ஒரு விநாடிக்கு 44,100 புள்ளிகள். ஒவ்வொன்றையும் சாம்பிள் என்கிறோம். திரையில் தெரியும் அலைவடிவம் அந்தப் புள்ளிகளை இணைத்து வரைந்த கோடு. நடுக்கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் அது ஓடுகிறது. நீங்கள் வெட்டிய இடது முனை மேட்டிலும், ஒட்டிய வலது முனை பள்ளத்திலும் இருந்தால், நடுவே செங்குத்தாக ஒரு படி உண்டாகிவிடும். ஒலிபெருக்கியின் சவ்வு ஒரே கணத்தில் அங்கிருந்து இங்கே தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலைத்தான் நீங்கள் ‘டிக்’ என்று கேட்கிறீர்கள்.

கோடு நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் படி வராது. வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ‘இஸட்’ விசையை ஒரு முறை தட்டுங்கள். தேர்வின் இரு முனைகளும் அருகிலுள்ள பூஜ்யக் கடப்புகளுக்கு நகர்ந்துவிடும்.

இதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இடது முனையில் கோடு கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தால், வலது முனையிலும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும் கோட்டை இறங்கும் கோட்டோடு ஒட்டினால் அங்கே ஒரு கூர்மை உண்டாகும். அது பெரிய சத்தமாக வராது; உயிரெழுத்தின் நடுவே சிறு விக்கலாகக் கேட்கும். ஸ்டீரியோ பதிவென்றால் இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் நடுக்கோட்டைக் கடப்பது அரிது. ஒற்றைக் குரலை மோனோவில் பதிவு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலைவடிவம் முழுவதுமே நடுக்கோட்டை விட்டு மேலே அல்லது கீழே விலகி நிற்கிறதா? மலிவான ஒலி அட்டைகளில் இது நேரும். வெட்டத் தொடங்குவதற்கு முன் ‘நார்மலைஸ்’ என்ற எஃபெக்டைத் திறந்து, டி.சி. விலகலை நீக்கும் கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இயக்குங்கள்.

எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்து வெட்ட வேண்டும்?

சொல்லைத் தேடும்போது திரையில் ஐந்தாறு விநாடிகள் தெரிந்தால் போதும். சொல்லின் விளிம்பைப் பிடிக்கும்போது கால் விநாடி அளவுக்குப் பெரிதாக்குங்கள். கன்ட்ரோலோடு 1 பெரிதாக்கும், 3 சிறிதாக்கும். கன்ட்ரோலோடு ‘இ’ தட்டினால் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் திரையை நிறைக்கும். கன்ட்ரோலோடு ‘எஃப்’ தட்டினால் முழுப் பதிவும் திரும்ப வரும். கடைசி இரண்டை விரல்கள் மனப்பாடம் செய்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

முனையை நகர்த்தச் சுட்டியை இழுக்காதீர்கள். ஷிஃப்டோடு அம்பு விசை தட்டினால் தேர்வு ஒவ்வொரு படியாக நீளும், கன்ட்ரோலையும் சேர்த்தால் சுருங்கும். அந்தப் படியின் அளவு திரையில் ஒரு புள்ளிதான். எவ்வளவு பெரிதாக்கியிருக்கிறீர்களோ அவ்வளவு நுணுக்கம் கிடைக்கும்.

தேர்வு நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காமல் துள்ளித் துள்ளிப் போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். தேர்வின் முனையைக் குறிப்பிட்ட நேரப் புள்ளிகளுக்கே இழுத்துவிடும் ‘ஸ்னாப்’ வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது, அணைத்துவிடுங்கள்.

கண்ணை நம்புவதா, காதை நம்புவதா?

காதை. கண் இடத்தைக் காட்டிக்கொடுக்கும், தீர்ப்பைக் காதுதான் சொல்ல வேண்டும். நீக்க நினைக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து ‘சி’ விசையைத் தட்டுங்கள். அந்தப் பகுதியைத் தாண்டி, அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை மட்டும் ஆடாசிட்டி ஒலிக்கும். எதையும் அழிக்காமலே, வெட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டுவிடலாம். இந்த வசதியைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வெட்டுவதும் மீட்பதுமாகவே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால், வெட்டு வரப்போகிறது என்று மனம் முன்கூட்டியே எதிர்பார்க்கும். இல்லாத குறையும் கேட்கும், இருக்கும் குறை நழுவும்.

தமிழ்ப் பேச்சில் எந்த இடத்தில் வெட்டுவது பாதுகாப்பானது?

வல்லினத்துக்குச் சற்று முன்னால். ‘படம்’ என்று சொல்லிப் பாருங்கள். பகரத்துக்காக உதடுகள் மூடுகின்றன, காற்று ஒரு கணம் அடைபடுகிறது, பிறகு வெடித்து வெளிவருகிறது. அலைவடிவத்தில் இது தட்டையான ஒரு துண்டாகவும், அதை அடுத்துத் திடீரென்று எழும் முள்ளாகவும் தெரியும். தட்டையான துண்டில் ஒலி ஏறக்குறைய இல்லை. அங்கே வெட்டினால் ‘டிக்’ வராது. அடுத்து வரும் வெடிப்பு காதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், பின்னணியில் சிறு மாற்றம் இருந்தாலும் மறைந்துவிடும். ககரம், தகரம், பகரம் மூன்றும் இப்படி உதவும். சகரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ‘சொல்’, ‘சாப்பாடு’ போன்றவற்றை நம்மில் பெரும்பாலோர் உரசலாகவே உச்சரிக்கிறோம். ‘ச்ச’ என்று இரட்டிக்கும்போதுதான் முழு அடைப்பு வரும். உரசலாக வரும் சகரத்தில் உரசல் தொடங்கும் புள்ளியைத் தேடிப் பிடித்து, அதற்கு முன்னால் வெட்டுங்கள்.

ஆனால் அடைப்பு என்பது வெறும் மௌனம் அல்ல. அதுவும் சொல்லின் உறுப்பு. ‘எடு’, ‘எட்டு’, ‘பாடு’, ‘பாட்டு’, ‘காடு’, ‘காட்டு’. இந்த இணைகளைப் பதிவுசெய்து திரையில் பாருங்கள். ‘எட்டு’ என்பதன் நடுவே நீளமான ஒரு தட்டை இருக்கும். நிதானமான பேச்சில் அது நூறு மில்லிவிநாடியைத் தாண்டும். அந்தத் தட்டைதான் ‘ட்’. ஒலியே இல்லாத ஓர் எழுத்து! ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்றும், மெய்க்கு அதில் பாதி என்றும் பள்ளியில் படித்தோமே, அந்த அரை மாத்திரையைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டலாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ என்ற கருவி பதிவில் உள்ள மௌனங்களைத் தானாகச் சுருக்கித் தரும். குறைந்தது அரை விநாடி நீளமுள்ள மௌனத்தை மட்டும் தொட வேண்டும் என்பது அதன் தொடக்க அமைப்பு. பேச்சு விறுவிறுப்பாக வேண்டும் என்று அதை 0.1 விநாடிக்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது கருவி சொற்களுக்கு இடையே உள்ள மௌனத்தோடு சொற்களுக்கு உள்ளே இருக்கும் ஒற்றுகளையும் அரித்துவிடும். ‘பத்து’, ‘அக்கா’, ‘கப்பல்’ எல்லாம் ஒடிந்து கேட்கும். பேசியவருக்குத் தமிழ் சரியாக வராது போல என்று கேட்பவர் நினைப்பார். அவருடைய நாவில் எந்தக் குறையும் இல்லை, நாம் செய்த குறை அது.

அடைப்பின் நடுவே வெட்டும்போது, ஒட்டிய பிறகு தட்டையின் மொத்த நீளம் முன்பிருந்த அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வின் நீளத்தைத் திரையின் கீழே மில்லிவிநாடிக் கணக்கில் படித்துக்கொள்ளலாம்.

இரண்டு சொற்களைப் பிரிக்கவே முடியவில்லை. இடைவெளி எங்கே?

இடைவெளி எழுத்தில் இருக்கிறது, பேச்சில் இல்லை. ‘மணி அடித்தது’ என்று எழுதுகிறோம், வாய் ‘மணியடித்தது’ என்கிறது. இகரம் யகரமாகி அகரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. ‘பாட்டு எழுதினான்’ என்பதில் கடைசி உகரம் பெரும்பாலும் மறைந்தே போகும். உடம்படுமெய், குற்றியலுகரப் புணர்ச்சி என்று படித்தவை எல்லாம் இங்கே நம் வழியில் வந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சொல்லை மட்டும் எடுக்க முயலாதீர்கள். முன்னோ பின்னோ நகர்ந்து, மூச்சு விட்ட இடத்தையோ வல்லினத்தையோ தேடி, அங்கிருந்து முழுத் தொடராக எடுங்கள்.

தவறாகப் படித்த ஒரு சொல்லுக்குப் பதில் வேறு பதிவிலிருந்து சரியான சொல்லை எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் சொல்லின் கடைசியில் வரும் ஒற்றெழுத்தைக் கவனியுங்கள். ‘அவரைப் பார்த்தேன்’ என்ற தொடரில் ‘பார்த்தேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘கேட்டேன்’ என்று வைத்தால் பொருந்தாது. ‘அவரைப்’ என்று முடியும்போதே உதடுகள் பகரத்துக்காக மூடிவிட்டன. ஐகாரத்தின் கடைசிப் பகுதியில் அந்த மூடல் பதிவாகியிருக்கிறது. அடுத்துக் ககரம் வந்தால், இல்லாத பகரம் ஒன்று லேசாகக் கேட்டு மறையும். ‘அவரைக் கேட்டேன்’ என்று முழுத் தொடராகவே மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

முடிந்தால் அதே நாளில், அதே நாற்காலியில், மைக்குக்கு அதே தொலைவில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். காலைக் குரல் வேறு, மாலைக் குரல் வேறு. தவறிய சொல்லை மட்டும் படிக்கச் சொன்னால் அது வாசகத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேராது. முந்தைய வாக்கியத்திலிருந்து தொடங்கச் செய்யுங்கள். ஒட்டிய பின் ஒலியளவு ஓரிரு டெசிபல் வேறுபட்டாலும் காது பிடித்துவிடும் என்பதால் ‘ஆம்ப்ளிஃபை’ கொண்டு சரிசெய்யுங்கள்.

உயிரெழுத்தின் நடுவே ஒட்ட வேண்டிய கட்டாயம் வந்தால், அலைவடிவத்தில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். குரல்வளையின் ஒவ்வோர் அதிர்வும் ஒரு சுற்று. தாழ்ந்த ஆண்குரலில் ஒரு சுற்று ஏறத்தாழ 10 மில்லிவிநாடி, பெண்குரலில் அதில் பாதி. இடது பக்கம் சுற்றின் எந்த இடத்தில் முடிகிறதோ, வலது பக்கம் அதே இடத்தில் தொடங்க வேண்டும். அரைச் சுற்றை விட்டால் குரல் தடுக்கும்.

கிராஸ்ஃபேட் எப்போது வேண்டும், எவ்வளவு நீளம்?

ஒரு துண்டு தேயும்போதே அடுத்தது வளர்ந்து வருமாறு இரண்டையும் மேற்பொருத்துவதுதான் கிராஸ்ஃபேட். இரு பக்கமும் பின்னணி இரைச்சல் வேறுபடும் இடத்தில் இது இன்றியமையாதது. ஆடாசிட்டியில் இரண்டு கிளிப்புகளும், அதாவது துண்டுகளும், சேரும் இடத்தின் இரு பக்கமும் கொஞ்சம் தேர்ந்தெடுத்து ‘கிராஸ்ஃபேட் கிளிப்ஸ்’ எஃபெக்டை இயக்கினால் போதும்.

நீளத்துக்கு நான் நம்பும் வழிகாட்டி காந்த நாடாக் காலத்திலிருந்து வருகிறது. வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் நாடாவைச் சவர பிளேடால் அறுத்து, பசைநாடாவால் ஒட்டித்தான் திருத்தினார்கள். அவர்கள் நேராக அறுக்காமல், பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில் அறுத்தார்கள். நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர், ஓடும் வேகம் விநாடிக்கு 38 சென்டிமீட்டர். கணக்கிட்டால், அந்தச் சாய்வு ஏறத்தாழ 17 மில்லிவிநாடி கிராஸ்ஃபேடாகிறது. பேச்சுக்கு இன்றும் 10 முதல் 20 மில்லிவிநாடி மிகச் சரியாக இருக்கிறது. அந்தப் பிளேடு வேலையில் மீட்கும் வசதி கிடையாது. கையால் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக் காதால் மட்டுமே இடத்தைப் பிடித்து, வண்ணப் பென்சிலால் குறித்து அறுத்தவர்கள் மேல் எனக்கு மாறாத மரியாதை உண்டு.

வல்லின வெடிப்பின் மேல் கிராஸ்ஃபேட் விழக் கூடாது. வெடிப்பு மழுங்கி, ‘கல்’ என்பது ‘அல்’ போலக் கேட்கும். வெடிப்புக்கு முன்பே அது முடிந்துவிட வேண்டும்.

மௌனங்களை எவ்வளவு குறைக்கலாம்?

இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. முன்பு ஒரு முதிய நெசவாளரின் நேர்காணலைத் திருத்தினேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு இரண்டு மூன்று விநாடி நிறுத்துவார். கேட்பவர்களுக்குச் சலிக்குமே என்று எல்லாவற்றையும் அரை விநாடியாக்கினேன். வெட்டுகள் ஒன்றுகூடக் கேட்கவில்லை, எனக்கு நிறைவாக இருந்தது. அவருடைய மகளிடம் கொடுத்தேன். கேட்டு முடித்துவிட்டு, “குரல் அப்பாவுடையதுதான். ஆனால் அப்பா இப்படிப் பேச மாட்டார்” என்றார். மூலப் பதிவை எடுத்து முதலிலிருந்து மறுபடி செய்தேன். மனைவி இறந்ததைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்திய நான்கு விநாடியை அப்படியே விட்டேன்.

அதனால் நான் சொல்வது: காரணமில்லாத மௌனத்தை மட்டும் குறையுங்கள். தண்ணீர் குடித்தது, தாளைப் புரட்டியது, கேள்வி புரியாமல் விழித்தது இவையெல்லாம் போகலாம். நினைவு தேடிய மௌனம் பேச்சின் பகுதி.

மூச்சொலிக்கும் இதே நியாயம்தான். முற்றிலும் நீக்கினால் பேசுகிறவர் மூச்சே விடாத பொம்மையாகிவிடுவார். உறுத்தும் மூச்சை மட்டும் தேர்ந்தெடுத்து ஒன்பது பத்து டெசிபல் குறையுங்கள்.

‘வந்து’, ‘அதாவது’, ‘ம்’ போன்றவற்றை நீக்கலாமா?

ஒலிநூலில் நீக்கலாம். நேர்காணலில் மூன்றில் ஒன்றையாவது விட்டுவையுங்கள். பின்னால் வரும் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம்.

நீக்கிய இடத்தில் முழு மௌனம் வைத்தால் ஏன் பள்ளத்தில் விழுந்தது போல் கேட்கிறது?

எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. மின்விசிறி, தெரு, குளிர்பதனப் பெட்டி, சுவரின் எதிரொலி எல்லாம் சேர்ந்த ஒரு மெல்லிய இரைச்சல் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கன்ட்ரோலோடு ‘எல்’ தட்டி ஒரு பகுதியை வெறுமையாக்கினால் அந்த இரைச்சலும் நின்றுபோகும். அது நின்றதைத்தான் காது கவனிக்கிறது.

பதிவு தொடங்குவதற்கு முன் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி அறையின் இரைச்சலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நிரப்ப வேண்டிய இடத்திலெல்லாம் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வையுங்கள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வைத்தால் ஒரு தாளம் உண்டாகிவிடும். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுங்கள். நம் வீடுகளில் பெரிய தொல்லை மின்விசிறிதான். அதன் இறக்கைகள் காற்றை வீசும் ஒலி ஏறி இறங்கி ஒரு சுழற்சியாக வரும். வெட்டும்போது அந்தச் சுழற்சி அறுந்தால், பேச்சு சரியாக ஒட்டியிருந்தாலும் அடியில் ஒரு தடுக்கல் கேட்கும். வெயில் காலத்தில் கடினம்தான், ஆனாலும் பதிவாகும் நேரத்தில் விசிறியை அணைத்துவிடுவதற்கு ஈடான வழி எதுவும் இல்லை.

‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்ற இரைச்சல் குறைப்புக் கருவியைப் பயன்படுத்துவதென்றால் வெட்டத் தொடங்குவதற்கு முன், அறை இரைச்சலையும் சேர்த்து, முழுப் பதிவுக்கும் ஒரே அளவில் மெலிதாகச் செய்யுங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

ஒரு சொல்லின் நடுவிலேயே ‘டிக்’ இருக்கிறது. சொல்லை இழக்காமல் அதை மட்டும் எடுக்க முடியுமா?

முடியும். சாம்பிள் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும் வரை பெரிதாக்குங்கள். வளைந்து ஓடும் கோட்டில் ஓர் ஊசி போல அது நிற்கும். அதையும் இரு பக்கமும் சில புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து ‘ரிப்பேர்’ எஃபெக்டை இயக்கினால், சுற்றியுள்ள வடிவத்தைப் பார்த்து ஆடாசிட்டி அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒரு நேரத்தில் 128 சாம்பிள் வரைதான் ஏற்கும். அது ஏறத்தாழ 3 மில்லிவிநாடி.

பேச்சின் மேல் விழுந்த பறவைக் கூவலுக்கோ கைபேசி மணிக்கோ இது உதவாது. டிராக்கை ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கிடைமட்டமாக நேரமும், செங்குத்தாக ஒலியின் உயரமும் தெரியும். கூவல் குரலுக்கு மேலே தனிக் கீற்றாக நின்றால், அந்தக் கீற்றை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கலாம். குரலோடு கலந்து கிடந்தால் விட்டுவிடுங்கள்.

எம்பி3 கோப்பையே நேரடியாகத் திருத்தலாமா?

வேறு வழியில்லாவிட்டால் மட்டும். எம்பி3 ஒலியின் சில பகுதிகளைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் சுருங்குகிறது. ஒவ்வொரு முறை ஏற்றுமதி செய்யும்போதும் மறுபடி எறியும். அதோடு அது ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட சட்டங்களாகக் கட்டிவைக்கிறது; ஒரு சட்டம் 26 மில்லிவிநாடி. குறியாக்கம் செய்யும்போது தொடக்கத்தில் சிறு மௌனமும் சேர்ந்துவிடும். எதையும் எறியாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் பதிவுசெய்து, வேலை முடியும் வரை ஆடாசிட்டித் திட்டக் கோப்பாகவே வைத்திருந்து, கடைசியில் ஒரே ஒரு முறை எம்பி3 ஆக்குங்கள்.

திருத்தம் எங்கே பொய்யாகிறது?

தமிழில் இந்தக் கேள்வி கூர்மையானது. நம் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. “அந்த நிலத்தை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்” என்று ஒருவர் சொல்கிறார். ‘பிடுங்கிக்கொண்டார்கள்’ என்பதோடு நிறுத்திவிட்டால், ஊர்ப்பேச்சு அவருடைய குற்றச்சாட்டாகிவிடும். ‘என்று நினைக்கிறேன்’, ‘என்றால்’, ‘போலிருக்கிறது’ எல்லாமே வாலில்தான் வரும். நீளத்தைக் குறைக்க நினைக்கும் கை முதலில் போவதும் அந்த வாலுக்குத்தான். நீக்குவதென்றால் முழு வாக்கியத்தையும் நீக்குங்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறு கேள்விக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஐயம் இருந்தால், திருத்தியதைப் பேசியவரிடமே கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் மூலப் பதிவை அழிக்கலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடும் 16 பிட் மோனோ வேவ் கோப்பு 320 மெகாபைட்டுக்கும் குறைவு. பேசியவரின் பெயரையும் ஊரையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு வேறு வட்டுகளில் வையுங்கள். அந்த நெசவாளரின் மகள் சென்ற மாதம் மறுபடி வந்து, திருத்தாத பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.